தக்காளி விலையை குவாண்டம் கம்ப்யூட்டர் சொல்லுமா?

பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போகும் எங்கள் சித்தப்பாவுக்கு யூடியூப்தான் வாத்தியார். "குவாண்டம் கம்ப்யூட்டர் வந்துட்டா நாளைக்கு நடக்கறதை இன்னைக்கே காட்டிடுமாமே? அடுத்த மாசம் பெட்டி என்ன விலைக்குப் போகும்னு கேட்டுச் சொல்லுப்பா" என்றார். பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவன் என்பதால் இதெல்லாம் என் தலையில்தான் விடியும்.

காட்டாது. எதிர்காலத்தை அடித்துச் சொல்லலாம் என்ற நம்பிக்கையை உடைத்ததே, அணு அளவில் நடப்பதை விளக்கும் குவாண்டம் இயற்பியல்தான். கதிரியக்கம் உள்ள ரேடியம்-226 அணுக்களில் பாதி சுமார் 1,600 ஆண்டுகளில் சிதைந்து வேறு தனிமமாகிவிடும். சரி, இந்த ஒரு அணு எப்போது சிதையும்? இன்றைக்கா, பத்தாயிரம் வருஷம் கழித்தா? யாராலும் சொல்ல முடியாது. கூட்டத்துக்குக் கணக்கு உண்டு, தனி அணுவுக்குக் கிடையாது. வாய்ப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்லும் இந்த நிகழ்தகவு விளக்கத்தை இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன் 1926-இல் முன்வைத்தார். நோபல் பரிசு வந்து சேர 1954 ஆயிற்று. ஐன்ஸ்டைனுக்குக் கடைசிவரை இது ஒட்டவே இல்லை.

குவாண்டம் கம்ப்யூட்டரும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். கூகுள் 2024-இல் அறிவித்த வில்லோ என்ற குவாண்டம் சிப்பில் 105 கியூபிட்கள், அதாவது தகவலைத் தாங்கும் அடிப்படை அலகுகள். ஒவ்வொன்றையும் அளந்தால் கையில் நிற்பது வெறும் 0 அல்லது 1. பெரும்பாலும் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் விடையைப் பிடிக்கிறார்கள். மூலக்கூறுகளின் நடத்தையைக் கணக்கிட அது நன்றாக உதவக்கூடும். அதில் எனக்கு நம்பிக்கை உண்டு.

தக்காளி விலை வேறு சமாச்சாரம். ராயக்கோட்டைப் பக்கம் யார் யார் நாற்று நட்டார்கள், மதனப்பள்ளியில் மழை எப்படி என்று தெரியாமல் எந்த இயந்திரத்துக்கும் வேலை இல்லை. அதைச் சித்தப்பாவே நாலு போன் போட்டு விசாரித்துவிடுவார்.