நாற்பது ஆண்டுக் கணக்கு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய நகரத்தார் வீடுகளைச் செப்பனிடும் வேலைக்கு மேற்பார்வையாளராக இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். தேக்குத் தூண்களைப் பற்றியும் ஆத்தங்குடிக் கற்களைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள்; பின்கட்டில் நாட்டு ஓடு சரிந்த இடங்களில் பிற்காலத்தில் சிக்கனத்துக்காகப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இழை. மிச்சம் பெரும்பாலும் சிமெண்ட்.

தொடக்க காலத்தில் நான் அதை இறக்கச் சொன்ன விதத்தை நினைத்தால் இன்று கூசுகிறது. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற நேரமாகும் என்பதால் சம்மட்டியால் ஓர் அடி. விழுந்த உடைசலைச் சித்தாள்கள் சட்டியில் அள்ளியபின் முற்றத்தை உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டுவார்கள். "வெறும் சிமெண்ட் தூசிதானே சார்" என்று மேஸ்திரி சொன்னதை நானும் நம்பினேன். கண்ணுக்குத் தெரிந்த தூசி சற்று நேரத்தில் படிந்துவிடும். தெரியாத இழைகளோ மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை போய், உடலால் கரைக்கவும் வெளியேற்றவும் முடியாமல் தங்கிவிடுகின்றன. நுரையீரலைச் சுற்றியுள்ள மென்சவ்வில் அவை உண்டாக்கும் புற்றுநோய்தான் மீசோதெலியோமா. அது வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் ஆகும்.

இந்த இடைவெளிதான் என்னை உறுத்துகிறது. இருபத்தைந்து வயதில் ஷீட் உடைத்தவர் அறுபதில் மூச்சு வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனால், பீடி குடிப்பீர்களா என்று கேட்பார்கள். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பன்மடங்காகும் என்பது உண்மை. ஆனால் மீசோதெலியோமாவுக்கும் பீடிக்கும் தொடர்பில்லை. கேட்க வேண்டிய கேள்வி, எங்கெங்கே வேலை பார்த்தீர்கள் என்பதே. 1960இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற நோயியல் மருத்துவரும் உடனிருந்தோரும் 33 மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, அவர்கள் வாழ்ந்த, உழைத்த இடங்களை விசாரித்துத்தான் நீலக் கல்நார்ச் சுரங்கங்களோடு முடிச்சைக் கண்டுபிடித்தார்கள். அந்த நோயாளிகளில் சிலர் சுரங்கத்தில் வேலையே பார்த்ததில்லை, அருகில் வளர்ந்தவர்கள். 1965இல் வெளியான லண்டன் ஆய்வின் நோயாளிகளில், கல்நார்த் தொழிலாளியின் உடையைத் துவைத்த வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். அதைப் படித்த அன்று எங்கள் ஆட்களின் துண்டும் கைலியும் எந்த ஊருணியில் அலசப்பட்டன என்று எண்ணிப் பார்த்தேன்.

நம் ஷீட்டில் இருப்பது வெள்ளைக் கல்நார், அது கெடுதல் செய்யாது என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஒருநாள் உடைத்தவருக்கெல்லாம் நோய் வந்துவிடாது. சுவாசித்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும்.

கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை, வேலை தொடங்கியதிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பு தினக்கூலிக்குக் கூரை பிரிப்பவர்வரை வந்து சேரவில்லை. எங்கள் கூலிச்சீட்டு கடைசி பில்லோடு குப்பைக்குப் போய்விடும். அதே வீடுகளின் கணக்கறையில், பர்மாவில் கொடுத்த கடனுக்கு வட்டி அணாக் கணக்கில் ஏறிய பேரேடுகள் பூச்சி அரிக்காமல் இருப்பதை நான் கையால் புரட்டியிருக்கிறேன்.

இப்போது ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கி, தடித்த பாலித்தீனில் சுற்றுகிறோம். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டால் போதாது என்று சொல்லி, அதற்குரிய முகக்கவசம் வாங்கித் தருகிறேன். ஒருநாள் கூலி கூடுதலாகும், உரிமையாளர்கள் முனகுவார்கள். இவற்றோடு ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன்: பெயர், தகப்பனார் பெயர், ஊர், தேதி, எத்தனை ஷீட், எத்தனை உடைந்தது. ஆளுக்கொரு நகலும் உண்டு. பலர் அதை ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு கொத்தனாரின் மனைவி நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, "தேவகோட்டையில உங்ககிட்டத்தான் முதல்ல வேலைக்கு வந்தாரு, அதுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க சார்" என்றார். அவருடைய கணவர் நல்ல உடல்நலத்தோடுதான் இருக்கிறார். சம்மட்டியால் உடைத்த காலம் அது. நினைவிலிருந்த வீட்டையும் தெருவையும் எழுதிக் கையெழுத்திட்டேன். தேதிக்கான இடத்தை மட்டும் நிரப்ப முடியவில்லை.