வளாகத்தில் பேச்சுப் போட்டி: நேரம் எங்கே போகிறது?

சிங்கப்பூரில் ஏப்ரல் என்றால் தமிழ்மொழி விழா. வளர்தமிழ் இயக்கம் ஒருங்கிணைக்கும் அந்த மாதத்தில் பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களும் பேச்சுப் போட்டி, பட்டிமன்றம் என்று களமிறங்கும். ஆனால் ஏப்ரலே மாணவருக்கு நெருக்கடியான மாதம். சனவரியில் தொடங்கும் பருவத்தின் 13 கற்பித்தல் வாரங்கள் ஏப்ரல் நடுவில் முடிகின்றன, அடுத்து தேர்வு. கடைசி இரண்டு வாரங்களில் குழுப்பணி ஒப்படைப்புகள் குவியும்போது, பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக நழுவுவார்கள். ஏப்ரலின் முதல் சனிக்கிழமைதான் நல்ல நாள், புனித வெள்ளி பக்கத்தில் வராதவரை. சித்திரை முதல் நாள் இங்கே பொது விடுமுறை இல்லை. ஆனாலும் அன்று நடுவர் கிடைப்பது கடினம்.

பன்னிரண்டு பேர், ஆளுக்கு 5 நிமிடம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போடுவார்கள். முடியாது. மேடையேறி இறங்க ஒரு நிமிடம், நடுவர் புள்ளி எழுத ஒரு நிமிடம். ஆக, ஆளுக்கு 7, மொத்தம் 84 நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் வரவேற்புரைக்கும் 10. புள்ளி கூட்டவும் தேநீருக்கும் 20. இறுதிச் சுற்றில் நால்வர் முன்தயாரிப்பின்றிப் பேசினால், தலைப்பை யோசிக்க 2, பேச 3, இடைவெளிக்கு 1 என 24. நடுவர் கலந்தாய்வு 15, பரிசளிப்பு 20. எல்லாம் சேர்த்து 173 நிமிடம். 2 மணிக்குத் தொடங்கினால் 5 மணியை ஒட்டிவிடும். மண்டபத்தைப் பகல் 12 முதல் மாலை 6 வரை எடுங்கள்.

இந்தக் கணக்கைக் குலைப்பது பெரும்பாலும் பேச்சாளர்கள் இல்லை, தொகுப்பாளர். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் “எவ்வளவு அருமையாகச் சொன்னார்” என்று ஒன்றரை நிமிடம் சுருக்கம் சொன்னால், பன்னிரண்டு பேருக்கு 18 நிமிடம் போச்சு. அது நடுவர் காதிலும் விழுகிறது என்பதால் நியாயமும் இல்லை. பெயர், தலைப்பு, கைத்தட்டல், அவ்வளவுதான் அவர் வேலை. அடுத்த ஆபத்து பொன்னாடை. தனித்தனியாக மூன்று இடங்களில் போர்த்தாமல், கடைசியில் ஒரே வரிசையில் நிறுத்திப் போர்த்திவிடுங்கள்.

மணி அடிக்க ஈவிரக்கமில்லாத ஒருவர் வேண்டும். பேச்சாளரின் நண்பராக இருக்கக்கூடாது, நடுவராகவும் இருக்கக்கூடாது. 4ஆம் நிமிடம் ஒரு மணி, 5ஆம் நிமிடம் இரண்டு மணி, ஐந்தரைக்குத் தொடர் மணி, அதற்கு மேல் புள்ளிக் குறைப்பு. கடிகாரம் முதல் சொல்லிலிருந்தா, “அவைக்கு வணக்கம்” முடிந்த பிறகா என்பதை விதிமுறையிலேயே எழுதிவிடுங்கள். தகராறு வருவது அங்கேதான். மணியோசை பேச்சைக் குலைக்கிறது என்று நினைப்பவர்கள் பேச்சுப் பயிற்சி மன்றமான டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை முன்வரிசையிலிருந்து காட்டலாம். ஆனால் மனப்பாடம் செய்த மாணவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கும்போது அட்டை எடுபடாது. எனக்கு மணிதான் நம்பிக்கை.

புள்ளிமுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கருத்து 40, மொழியும் உச்சரிப்பும் 30, படைக்கும் விதம் 20, நேரம் 10 என்று பிரித்து மூன்று நடுவரை உட்கார வைக்கிறோம். மூன்று தாள்களையும் அப்படியே கூட்டினால் என்ன ஆகிறது? இரண்டு நடுவர் எல்லோருக்கும் 75க்கும் 82க்கும் நடுவே போடுகிறார்கள். மூன்றாமவர் 55 முதல் 95 வரை தாராளமாக விரிக்கிறார். முடிவை அந்த மூன்றாமவர் ஒருவரே தீர்மானித்துவிடுகிறார், மற்ற இருவரும் ஒப்புக்கு இருந்ததாக ஆகிறது. இதற்கு எளிய வழி, ஒவ்வொரு நடுவரின் புள்ளிகளையும் 1, 2, 3 என்று தரவரிசையாக மாற்றி, அந்த வரிசை எண்களைக் கூட்டுவது. குறைந்த கூட்டுத்தொகை வெற்றி. சமநிலை வந்தால் கருத்துப் புள்ளியைப் பாருங்கள். நேரத்துக்குரிய 10 புள்ளியை நடுவர் தொடவே வேண்டாம், மணி அடிப்பவரின் தாளிலிருந்து வரட்டும். முதல் பேச்சாளர் முடித்ததும் நடுவர்கள் புள்ளியை இறுதியாக்காமல், மூன்றாவது பேச்சாளர் வரை பென்சிலில் வைத்திருக்கச் சொல்லுங்கள். முதலில் பேசுபவருக்கு எப்போதும் கஞ்சத்தனமாகவே விழும்.

தலைப்பு “தமிழின் பெருமை” என்றிருந்தால் பன்னிரண்டு பேரும் ஒரே உரையைத்தான் பேசுவார்கள். உணவங்காடியில் தட்டைத் திருப்பி வைக்காதவருக்கு அபராதம் சரியா என்று கேளுங்கள். 2021 முதல் நடைமுறையில் இருக்கும் விதி, எல்லோரும் தினமும் பார்ப்பது. அதில் யார் சொந்தமாக யோசிக்கிறார் என்று உடனே தெரியும்.

ஒலிவாங்கிக்கு அரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். “ஹலோ, ஒன், டூ” சொல்லிப் பார்ப்பதில் பயனில்லை. பேச்சாளர் உச்சஸ்தாயியில் முழங்குகிற ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள், அப்போதுதான் ஒலி உடைவது தெரியும். ‘ப’ வரும்போதெல்லாம் ‘டப்’ என்று வெடித்தால், ஒலிவாங்கியை வாய்க்கு நேராக வைக்காமல் தாடைக்குக் கீழே சற்றுச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கையில் பிடித்தபடி ஒலிபெருக்கிக்கு முன்னால் நடந்தால் கீச்சிடும், எனவே நடக்கக்கூடிய எல்லையைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துவிடுங்கள். நிகழ்ச்சிக்கு முன் புதிய பேட்டரி போடுங்கள், பாதி தீர்ந்ததை நம்ப வேண்டாம். வார இறுதியில் விரிவுரை மண்டபத்தில் குளிர்சாதனம் ஓடுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழகத்திலிருந்து சிறப்புப் பேச்சாளரை அழைப்பதானால், சுவரொட்டி அடிக்கும் முன்பே மாணவர் விவகார அலுவலகத்திடம் பேசுங்கள். சமயம், இனம், அரசியல் தொட்ட தலைப்பில் வெளிநாட்டவர் பேசினால் மனிதவள அமைச்சின் வேலை அனுமதி தேவைப்படும். பதிவுப் படிவத்தில் ஐசி எண் (அடையாள அட்டை எண்) கேட்காதீர்கள். 2019 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தேவையில்லாத இடத்தில் அதை வாங்கக்கூடாது. பள்ளி மாணவர் கலந்துகொண்டால் படம் எடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

சுவரொட்டியை அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துகளைக் கோட்டுருவாக (outline) மாற்றிய பிடிஎஃப் அனுப்புங்கள். இல்லையென்றால் எழுத்துரு இல்லாத அவர்கள் கணினியில் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கமும் கால் இன்னொரு பக்கமுமாக நிற்கும்.

சாப்பாடு மண்டபத்துக்கு வெளியே. ஹலால் சான்றிதழ் உள்ள கடையில் வாங்கி, சைவத்துக்குத் தனி மேசையும் தனிக் கரண்டியும் வையுங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்கு வரும் பெரியவர்களுக்கு பூன் லேயிலிருந்து 179 பேருந்து என்று அழைப்பிதழிலேயே போட்டு, இறங்கும் நிறுத்தத்திலிருந்து மண்டபம் வரை ஒவ்வொரு திருப்பத்திலும் அம்புக்குறி ஒட்டுங்கள்.

பரிசு கிடைக்காத எட்டுப் பேருக்கும் நடுவர் எழுதிய இரண்டு வரிக் குறிப்பை அன்றே கையில் கொடுத்தனுப்புங்கள். புள்ளித்தாளின் அடியில் அதற்கென்று ஓர் இடம் விட்டு அச்சிட்டால் தனி வேலை இல்லை.