ஒருவர் தும்மினால்

தங்கச்சிமடத்தில் இன்று சித்தப்பாவின் பழைய கோர்க் பாலி-800 மின்னணு கீபோர்டைத் திறந்தேன். திருகாணிகளில் துரு. கட்டைகளுக்கு அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எங்கள் கடல்காற்று எதைத்தான் விட்டது!

துடைத்து, ஆறு பேட்டரி போட்டேன். விளக்கு எரிந்தது.

1983இல் வந்த கருவி. 49 கட்டைகள். எட்டுச் சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும். ஆனால் அத்தனைக்கும் சேர்த்து, ஒலியைத் திறந்து மூடும் வடிகட்டியான ஃபில்டர் ஒன்றே ஒன்றுதான்.

அதில்தான் வேடிக்கை. மூன்று கட்டைகளை அழுத்திப் பிடித்தபடி நான்காவதைத் தொட்டால், அடங்கிக் கிடந்த மூன்றும் சேர்ந்து மறுபடி வாய் திறக்கின்றன. எங்கள் வீட்டில் ஒருவர் தும்மினால் எல்லோரும் விழித்துக்கொள்வோமே, அப்படி.

"தள்ளு தம்பி" என்றார் சித்தப்பா. கண்ணாடி போடாமலே, ஒலியைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு எண்களைத் தட்டினார். கூடம் முழுக்க வயலின் கூட்டம்.

இடப்பக்கத்து மூன்றாவது கட்டை மட்டும் இன்னும் பேசவில்லை.