கேமராவை அப்புறம் வாங்கலாம், மக்கா

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேர்ந்திருக்கிற, சேரப் போகிற தம்பி தங்கைகள் என்னிடம் பேச வந்தால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, எந்த கேமரா வாங்கலாம்?" மார்த்தாண்டத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி, ராஜாக்கமங்கலத்துப் பிள்ளையாக இருந்தாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. போன வாரம் ஒரு தங்கச்சி, அம்மா வளையலை அடகு வைத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றாள். எனக்கு மனசே கேட்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வருஷத்துக்குக் கையில் இருக்கிற போன் போதும், மக்கா. காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் காதை முழுசாக மூடுகிற ஒரு ஹெட்போனும், ஒரு காலர் மைக்கும் வாங்குங்கள். முதலில் சத்தத்தைப் பிடிக்கப் பழகுங்கள். படம் பிடிப்பது தானாகப் பின்னால் வரும் என்று சொல்லவில்லை, அதற்கும் உழைக்கணும். ஆனால் படத்தைத் தப்பாக எடுத்தால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், பக்கத்தில் நிற்கிறவனே சொல்லிவிடுவான். சத்தம் கெட்டுப்போனது வீட்டுக்கு வந்து எடிட்டில் போட்டுக் கேட்கிறவரை யாருக்கும் தெரியாது.

சந்தேகம் இருந்தால் இன்று ராத்திரி ஏதாவது செய்தி சேனலில் விவாத நிகழ்ச்சி பாருங்கள். வீட்டிலிருந்து இணைகிற ஒருவரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தாலும் நெறியாளர் அவரைப் பேச விடுவார். அவருடைய குரல் விட்டு விட்டு வந்தால், "தொடர்பில் சிக்கல் இருக்கிறது" என்று சொல்லி அடுத்த ஆளிடம் போய்விடுவார். டிவிக்காரர்களுக்கு எது இல்லாமல் நிகழ்ச்சி ஓடாது என்பது நன்றாகவே தெரியும்.

நம் சினிமாவில் டப்பிங் பழக்கம் ஆழமாக ஊறியிருப்பதால் பிள்ளைகள் சத்தத்தைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வந்தது. அந்தக் காலத்தில் நடிகர்கள் கேமரா முன்னால் நின்றே பேசி, பாடியும் ஆகவேண்டும், வாத்தியக்காரர்கள் ஃப்ரேமுக்கு வெளியே எங்காவது மறைந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். பின்னணிப் பாட்டும் டப்பிங்கும் வந்தபிறகு அந்தக் கட்டாயம் போனது. சரி, கதைப்படத்துக்கு அது ஒத்துவரும். குளச்சலில் வலை பிரிக்கிற ஒரு பெரியவரைப் பேட்டி எடுக்கிறீர்கள், கண் கலங்கி அவர் சொன்ன ஒரு வார்த்தையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்றால், அவரை நாகர்கோவில் ஸ்டுடியோவுக்குக் கூட்டி வந்து "தாத்தா, அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க முடியுமா? டாக்குமென்டரி, செய்தி, நேரலை எதிலும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. படித்து முடித்ததும் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு முதலில் கிடைக்கப் போவதும் இந்த வேலைகள்தான்.

சத்தம் பழக நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைக்காது என்பது என் உறுதியான எண்ணம். காரணம், இங்கே எல்லாமே இடைஞ்சல். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் போய் நின்று பாருங்கள், முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலைகளை ஏன் நட்டு வைத்தார்கள் என்பது உடம்புக்கே புரியும். அந்தக் காற்று மைக்கில் நேராக மோதினால் பேச்சுக்குப் பதில் கடகடவென்று ஒரு உருட்டல்தான் பதிவாகும். மைக்கோடு வருகிற கறுப்பு ஸ்பாஞ்ச் அங்கே ஒன்றும் செய்யாது, முடி வைத்த உறை போடணும். அந்த முடி காற்றின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, மைக்குக்குப் போய்ச் சேரும்போது சாதுவாக்கிவிடும். ரெக்கார்டரில் லோ கட் என்று ஒரு பட்டன் இருக்கும், 80 ஹெர்ட்ஸில் வைத்தால் காற்றின் அடி உறுமல் போகும், மனுஷக் குரலுக்குப் பெரிய சேதம் இருக்காது. ஆனால் லெவல் ஏற்கெனவே சிவப்பில் முட்டி உடைந்துவிட்டால் எந்தப் பட்டனும், எந்த சாஃப்ட்வேரும் அதைத் திருப்பித் தராது. எல்லாவற்றையும்விட எளிய வழி, பேசுகிறவரைக் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வைத்து, மைக்கை அவர் உடம்பின் மறைவில் கொண்டுவருவது. ஒரு ஆட்டோவைக் காற்று வரும் பக்கம் நிறுத்தச் சொன்னாலும் போதும்.

கடல் வேறு மாதிரி. காற்றாவது நின்று நின்று அடிக்கும், கடற்கரையில் அலைச் சத்தம் ஓயாது, அது எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடப்பதால் குரலுக்குச் சேதம் வராமல் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஒரே வழி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும், அலைச் சத்தம் அப்படியே இருக்கும். கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்து பேசினால் இன்னும் நல்லது. பேட்டி முடிந்ததும் யாரும் வாய் திறக்காமல் அதே இடத்தில் இரண்டு நிமிஷம் அலையை மட்டும் தனியாகப் பதிவு செய்யுங்கள். எடிட்டில் ஒரு பேச்சை வெட்டி இன்னொரு பேச்சோடு ஒட்டும்போது அலை பாதியில் அறுந்து காதில் உறுத்தும். அடியில் இந்தத் தனி அலையை ஒரு டிராக்காக விரித்துவிட்டால் வெட்டு இருப்பதே தெரியாது.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை எல்லோருக்கும் தெரியும். நம் ஊர் வில்லுப்பாட்டை எடுத்துக்கொண்டுபோய் தமிழ்நாடு முழுக்கக் கேட்க வைத்தவர் அவர். அந்த வில்லுப்பாட்டு இன்றைக்கும் கோயில் கொடைத் திருவிழாக்களில் உயிரோடு இருக்கிறது. சவுண்ட் படிக்கிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடம் எந்த லேபிலும் இல்லை.

மேடையைக் கவனியுங்கள். நடுவில் புலவர், அவர் கையில் வீசுகோல், வில்லின் நாணில் தொங்குகிற மணிகள். வீசுகோல் நாணில் விழும்போது எழுகிற கலீர் சத்தம் மேலே இருக்கிறது, பக்கத்தில் குடத்தின் வாயில் அடிக்கிற அடி கீழே கும்மென்று இருக்கிறது, உடுக்கையும் ஜால்ராவும் கட்டையும் இடையில் ஓடுகின்றன. இதற்குள் புலவர் கதை சொல்லணும், பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடணும். அந்த "ஆமா"வைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். புலவருக்கு மட்டும் மைக் வைத்தால் கதை ஒரு பக்கமாகச் சரிந்துவிடும், "ஆமா" போடுகிறவரின் குரல் தெளிவாகக் கேட்டால்தான் கேள்வியும் பதிலுமாகக் கதை நகர்கிற அழகு தெரியும். குடத்துக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தீர்களோ, வேறு எதுவும் கேட்காது. மேலிருந்து பூமில் (மைக் மாட்டுகிற நீளக் கம்பில்) தொங்கவிட்டு, புலவரின் வாயைப் பார்த்து, குடத்துக்கு முதுகு காட்டி வைப்பது எனக்கு நன்றாக வந்திருக்கிறது.

ஊரெல்லாம் கேட்கிற மாதிரி கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர்தான் அடுத்த பிரச்சினை. அதன் சத்தம் நம் மைக்கில் திரும்ப வந்து விழும். சவுண்ட் செட் அண்ணனிடம் முன்கூட்டியே போய் மரியாதையாகப் பேசி, அவர் மிக்ஸரிலிருந்து ஒரு லைன் வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஒரு டிராக்கிலும், நம் மைக்கை இன்னொரு டிராக்கிலும் தனித்தனியாக எடுக்கணும். மீட்டரில் பூஜ்யத்தைத் தொட்டால் சத்தம் உடையும், அதனால் லெவல் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். கதை உச்சத்துக்குப் போய், மேளம் சேர்ந்து, சாமி வருகிற நேரத்தில் சத்தம் சட்டென்று எகிறும். அந்த நேரத்துக்காகவே அதே மைக்கை இன்னொரு டிராக்கில் 15 டெசிபல் குறைத்தும் பதிவு செய்து வைத்தால் காப்பாற்றப்படுவீர்கள். அப்புறம் ஒன்று, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்காமல் மேடையில் ஒரு கிளிப்பைக்கூட மாட்டக் கூடாது. அது அவர்களுடைய வழிபாடு. நாம் எடுத்துக்கொண்டு போக வந்தவர்கள்.

டிவி தயாரிப்பை நெருங்கிப் பார்க்கணும் என்றால் சென்னைக்கு ஓட வேண்டாம். கடற்கரை ஊர்களில் கிறிஸ்தவக் கோயில் திருவிழா நேரலை நடக்கும்போது போய் நில்லுங்கள். சினிமாவில் பெரும்பாலும் ஒரு கேமராவை வைத்துத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். இங்கே மூன்று நான்கு கேமரா, தேர்ப்பவனி ஒரே ஒரு தடவைதான் நடக்கும். மாடத்தில் ஒரு கேமரா, பீடத்துக்கு ஒன்று, தேரோடு நடக்க ஒன்று. எல்லாமே கேபிளிலோ ஒயர்லெஸ்ஸிலோ, எந்தக் கேமராவின் படம் போகணும் என்று மாற்றுகிற சுவிட்சர் மேஜைக்கு வந்து சேரும். அங்கே உட்கார்ந்திருக்கிறவர் "டூ ரெடி, டூ டேக்" என்று இரண்டாவது கேமராவுக்கு ஹெட்செட்டில் சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்துவார். அவர் கண் திரையில் இருக்கும், விரல் பட்டனில் இருக்கும், காது பாடகர் குழுவிடம் இருக்கும். பாட்டின் எந்த வரியில் வெட்டணும் என்பதைக் காதுதான் அவருக்குச் சொல்கிறது.

அங்கே கற்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கோயிலின் கடைசியில் நிற்கிற கேமரா பீடத்திலிருந்து 34 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் மைக்கில் பாதிரியாரின் குரல் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்து விழும். நம் நாட்டு டிவிக்கு விநாடிக்கு 25 ஃப்ரேம் என்பதால் அது இரண்டரை ஃப்ரேம். உதடும் குரலும் ஒட்டவில்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்ற அது போதும். அதனால்தான் குரலை எப்போதும் மிக்ஸரிலிருந்து நேராக எடுக்கிறார்கள். ஒயர்லெஸ்ஸில் வருகிற படம் தாமதமானால் சத்தத்தையும் அதே அளவுக்குத் தாமதப்படுத்துகிறார்கள். மிக்ஸர் லைனில் ஜனங்களின் செபமும் பேண்டு வாத்தியமும் வெடியும் வராது, வெறும் அறைக்குள் நடக்கிற மாதிரி இருக்கும். அதற்கென்று முற்றத்தைப் பார்த்து ஒரு தனி மைக் கட்டாயம் வேண்டும்.

கேமரா பக்கம் இப்போதைக்கு இரண்டு விஷயம் மட்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே 25 ஃப்ரேமில் எடுக்கும்போது ஷட்டரை ஐம்பதில் ஒன்று என்று வையுங்கள், டியூப்லைட் படபடப்பது பெரும்பாலும் நின்றுவிடும். போனில் எடுக்கிறவர்கள் ஃப்ரேம் எண்ணிக்கையைப் பூட்டி வைக்கிற ஆப் ஒன்றைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் தனியாகப் பதிவு செய்த ஆடியோ போகப் போக விலகிக்கொண்டே இருக்கும். கிளாப் போர்டு இல்லை என்றால் கேமரா முன்னால் கையைத் தட்டுங்கள். கை சேர்கிற ஃப்ரேமையும் டைம்லைனில் தட்டின சத்தம் எழுப்புகிற ஊசி முனையையும் நேர்கோட்டில் வைத்தால் வேலை முடிந்தது.

மேலே படிக்க நினைக்கிறவர்களுக்குத் தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரி இருக்கிறது, புனேயிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் நிறுவனங்கள் இருக்கின்றன. மூன்றிலும் ஒலியைத் தனியாக எடுத்துப் படிக்கலாம். 2009-ல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற கொல்லம் மாவட்டத்து விளக்குப்பாறைக்காரர், புனேயில் படித்தவர். அவர் எங்கிருந்து போனார் என்பதை வீட்டில் அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள், உதவும். டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கிற கேரளத் திரைப்பட விழாவுக்கு மாணவர் பாஸ் எடுத்துக்கொண்டு போங்கள். நாகர்கோவிலிலிருந்து காலையில் ரயில் ஏறினால் ராத்திரி வீடு திரும்பிவிடலாம். ஒரு படத்தையாவது கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், திரைக்கு வெளியே எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும்.

ஆடியில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கொடையின் வில்லுப்பாட்டை முழு ராத்திரியும் பதிவு செய்யப் போகிறோம், ஊரில் அனுமதி வாங்கியாகிவிட்டது. இரண்டு பேர் கூட நின்றால் நன்றாக இருக்கும், ஒருவர் பூமுக்கு, ஒருவர் லெவல் பார்க்க. முன் அனுபவம் தேவையில்லை, விடிய விடிய தூங்காமல் இருக்கணும், ஹெட்போன் உங்களுடையதைக் கொண்டுவாருங்கள்.