டிரைவில் இருந்த எஸ்எம்எஸ்களைக் கோப்பாக எடுத்து வைத்த அனுபவம்

அக்காவின் பழைய ஆண்ட்ராய்டு போன் டிஸ்ப்ளே போய், டிராயரில் கிடக்க ஆரம்பித்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. புதுப் போன் வாங்கி, செட்டப் சமயத்தில் வந்த கேள்விகளையெல்லாம் 'ஸ்கிப்' கொடுத்துத் தாண்டி, தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒரு நிறுவனத்துக்குச் செய்து கொடுத்த வேலைக்கான பாக்கிப் பணத்தில் தகராறு வந்தது. தொகையையும் தேதியையும் அவர்கள் ஒத்துக்கொண்டதெல்லாம் எஸ்எம்எஸ்ஸில்தான், அதுவும் அந்தப் பழைய போனில். "பேக்கப் இருக்குன்னு காட்டுதுடி, ஆனா தொறக்க மாட்டேங்குது. எடுத்துக் குடு" என்றாள்.

திறக்காது. போன் தானாக எடுக்கும் கிளவுட் பேக்கப் என்பது இன்னொரு போனுக்குள் போய் இறங்குவதற்காகக் கட்டிவைத்த மூட்டை. நாம் வழியில் பிரித்துப் படிப்பதற்கானது இல்லை. கம்ப்யூட்டரில் கூகுள் டிரைவைத் திறந்து, 'ஸ்டோரேஜ்' பக்கத்தில் 'பேக்கப்ஸ்' என்பதைத் தொட்டால் போன் மாடலும் கடைசியாக பேக்கப் ஆன தேதியும் தெரியும். அழிக்கும் வசதி உண்டு, உள்ளே போய்ப் பார்க்கும் வசதி கிடையாது, டவுன்லோடும் கிடையாது. இதற்கென்று காசு கேட்கும் 'ரெக்கவரி' மென்பொருள்கள் தேடினால் கொட்டுகின்றன. கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கிற எதையும் நான் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

அவசரம் என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது. போனை 57 நாள் பயன்படுத்தாமல் விட்டால் அதன் பேக்கப் கூகுளில் அழிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டினாலே பேக்கப்புக்குக் கீழே காலாவதித் தேதி தெரிய ஆரம்பிக்கலாம். அக்காவுடையதில் அது தெரிந்தது, நாளும் அதிகம் இல்லை. பழைய போன் செத்துவிட்டால் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விடக்கூடாத முதல் விஷயம் இதுதான்.

அக்காவின் புதுப் போனை ரீசெட் செய்ய மனம் வரவில்லை. அதில் ஒன்றரை மாதப் படங்களும் புது எஸ்எம்எஸ்களும் இருந்தன. சித்தப்பா வீட்டில் சும்மா கிடந்த ஒரு போனை வாங்கி வந்தோம். எந்தப் போனும் ஆகாது. புது ஆண்ட்ராய்டு பதிப்பில் எடுத்த பேக்கப் பழைய பதிப்பு ஓடும் போனில் இறங்காது. அதே பதிப்பு, அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சித்தப்பாவின் போனில் அப்டேட் காத்துக்கொண்டிருந்தது, அதைப் போட்டதும் சரியாகிவிட்டது.

கணக்குக்குள் நுழைவதில் பெரிய சிக்கல் இல்லை. இரண்டடுக்குச் சரிபார்ப்பு 'உங்கள் போனில் ஆம் என்று அழுத்துங்கள்' என்று செத்த போனுக்கே அனுப்பி வைத்தது. 'வேறு வழி' என்பதைத் தேர்ந்தெடுத்து, புதுப் போனுக்கு மாற்றியிருந்த சிம்மில் வந்த எண்ணைப் போட்டு உள்ளே போனோம். சிம்மும் தொலைந்திருந்தால் முன்பே எடுத்துவைத்த 8 இலக்க பேக்கப் கோடுகள்தான் கதி.

மாட்டிக்கொண்டது அடுத்த படியில். ஆண்ட்ராய்டு 9 முதல் பேக்கப்பின் முக்கியமான பகுதிகள் போனின் திரைப்பூட்டை வைத்தே குறியாக்கம் செய்யப்படுகின்றன. கூகுள் பாஸ்வேர்டு தெரிந்தால் போதாது, பழைய போனின் பின் நம்பரோ பேட்டர்னோ வேண்டும். அக்கா வைத்திருந்தது பேட்டர்ன். வாயால் சொல்லச் சொன்னால் அவளுக்கு வரவில்லை. "இரு, இரு" என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள். அதையே ஒரு தாளில் ஒன்பது புள்ளி வைத்து வரையச் சொன்னேன். விரலுக்கு ஞாபகம் இருந்தது. தவறாகப் போட்டுப் பார்ப்பதற்கும் வரம்பு உண்டு என்பதால், தாளில் உறுதியான பிறகே திரையில் போட்டோம்.

சித்தப்பாவின் போனை ரீசெட் செய்து, முதல் செட்டப்பில் 'ஆப்களையும் தரவையும் நகலெடுக்கவா' என்று கேட்கும் இடத்தில் கிளவுடைத் தேர்ந்தெடுத்தோம். பேக்கப் பட்டியலில் பழைய போனின் பெயர் வந்தது. ஆப்களுக்கான டிக்கை எல்லாம் எடுத்துவிட்டு, எஸ்எம்எஸ்ஸை மட்டும் விட்டேன். வேலை சீக்கிரம் முடியும், அடுத்தவர் போனில் தேவையில்லாதது இறங்காது. முகப்புத் திரை வந்த உடனேயே மெசேஜ் ஆப்பைத் திறந்தால் காலியாகத்தான் இருக்கும். பின்னணியில் கொஞ்ச நேரம் ஓடி, பிறகு சரசரவென்று நிரம்பும். அக்கா அந்த இடைவெளியில் முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்க்க வேண்டுமே.

இப்போது மெசேஜ்கள் கிடைத்துவிட்டன. ஆனால் இன்னும் ஒரு போனுக்குள்தான் இருக்கின்றன, அதுவும் அடுத்தவர் போன். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாதா என்று கேட்டாள். நான்கு மெசேஜ் என்றால் போதும். பல மாதப் பேச்சுக்கு அது சரிவராது: தேதி ஒரு படத்தில், மெசேஜ் இன்னொன்றில் என்று பிரிந்துபோகும், எண்ணுக்குப் பதில் கான்டாக்ட் பெயர் மட்டும் தெரியும், தேடவும் முடியாது. எஸ்எம்எஸ்ஸைக் கோப்பாக எடுத்துத் தரும் ஆப்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றைப் போட்டு, அந்த ஒரு உரையாடலை மட்டும் தேர்ந்தெடுத்து, எக்ஸ்எம்எல் கோப்பாக (விவரங்களைக் குறிச்சொற்களோடு எழுதிவைக்கும் எழுத்துக் கோப்பு) சேமித்தேன். எல்லாவற்றையும் எடுத்தால் ஓடிபி, வங்கிக் கணக்கு இருப்பு எல்லாம் சேர்ந்து வந்துவிடும். யாருக்காவது அந்தக் கோப்பை அனுப்பப் போகிறோம் என்றால் அது தேவையா? படங்களைச் சேர்க்கவா என்றும் கேட்டது. சேர்த்தால் படம் எழுத்தாக மாற்றப்பட்டு உள்ளே போகும், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். இதில் படம் முக்கியமில்லை, விட்டுவிட்டேன்.

கோப்பை நோட்பேடில் திறந்தால் முதலில் தலை சுற்றும். ஆனால் ஒரு வரியை நிதானமாகப் பார்த்தால் எல்லாம் புரிந்துவிடும். ஒவ்வொரு மெசேஜுக்கும் எதிர்முனையில் இருப்பவரின் எண், வகை, மெசேஜின் உள்ளடக்கம், நேரம் என்று அடுத்தடுத்து இருக்கும். வகை 1 என்றால் நமக்கு வந்தது, 2 என்றால் நாம் அனுப்பியது. நேரம் மட்டும் 13 இலக்க எண்ணாக இருக்கும். 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்ற கணக்கு அது. எடுத்துக்காட்டாக 1700000000000 என்றால், சர்வதேச நேரப்படி 2023 நவம்பர் 14 இரவு 10 மணி 13 நிமிடம் 20 வினாடி. நம் ஊர் நேரத்துக்கு மாற்றும்போது தேதியே தள்ளிப்போகலாம், பணத் தகராறில் அது முக்கியம்.

அதைவிட முக்கியமானது, நேரம் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பது. ஒன்று, மெசேஜ் நம் போனுக்கு வந்த நேரம். இன்னொன்று, அது அனுப்பப்பட்ட நேரம். பெரும்பாலும் இரண்டும் சில வினாடி வித்தியாசத்தில் ஒட்டிக்கொண்டே போகும். ஆனால் "இந்த மாதக் கடைசிக்குள் தருகிறோம்" என்ற மெசேஜில் ஒரு முழு இரவு வித்தியாசம் இருந்தது. அக்கா அன்று போனை அணைத்து வைத்திருந்திருக்கிறாள். அவர்கள் அனுப்பியது முந்தைய நாள் சாயங்காலம், அக்காவின் போனில் ஏறியது மறுநாள் காலை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் வைத்துக்கொண்டு பேசியிருந்தால் "நாங்கள் அந்தத் தேதியில் அனுப்பவே இல்லையே" என்று அவர்கள் சொல்ல இடம் கிடைத்திருக்கும். இந்த ஒரு வரிக்காகவே கோப்பாக எடுத்தது நல்லது என்று தோன்றியது.

கோப்பை அட்டவணையாக மாற்றப் பார்த்தபோது, ஏதோ ஒரு வரியில் 'செல்லாத எழுத்து' என்று சொல்லி நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் அங்கே ஒரு கும்பிடு எமோஜி. அக்கா பாக்கியைக் கேட்ட ஒவ்வொரு மெசேஜின் முடிவிலும் கும்பிடு போட்டிருக்கிறாள், அந்த ஆப் அதை 55357, 56911 என்று இரண்டு எண்களாக உடைத்து எழுதியிருக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அந்தக் கும்பிடுக்கு ஒரே எண்தான், 128591. 16 பிட் முறையில் அதை எழுதும்போதுதான் இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டியிருக்கும். எக்ஸ்எம்எல் விதிப்படி அந்தப் பாதிகள் தனித்தனியாக எழுத்துகளே அல்ல. கோப்பின் நகலை எடுத்து, அந்த ஜோடி வருமிடமெல்லாம் 128591 என்று 'ரீப்ளேஸ்' கொடுத்ததும் மறுபேச்சு இல்லாமல் ஓடியது. இதை நகலில்தான் செய்ய வேண்டும். மூலக் கோப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது.

எக்செல் தன் பங்குக்கு விளையாடியது. அட்டவணையாக மாற்றிக் கிடைத்த சிஎஸ்வி கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்ததும் தமிழ் மெசேஜ்கள் எல்லாம் புரியாத கிறுக்கலாகிவிட்டன, எண்கள் 'இ+11' வால் முளைத்து நின்றன. தமிழ் அழியவில்லை, எக்செல் அதைத் தவறான முறையில் படிக்கிறது, அவ்வளவுதான். மூடிவிட்டு, 'டேட்டா' மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, எழுத்துகளைப் படிக்கும் முறையாக யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து, போன் எண் பத்தியையும் நேரப் பத்தியையும் 'டெக்ஸ்ட்' ஆக்கினால் சரியாகிவிடும். அப்படியே சேமித்துவிடாமல் கவனித்தேன். கிறுக்கலோடு சேமித்தால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

கடைசியில் மூன்று கோப்புகள் கைக்கு வந்தன: கை வைக்காத எக்ஸ்எம்எல், தேடிப் பார்க்க அட்டவணை, அடுத்தவரிடம் காட்ட பிடிஎஃப். எக்ஸ்எம்எல்லுக்கு ஷா-256 (கோப்பின் கைரேகை மாதிரி) கணக்கிட்டு, அந்த 64 எழுத்துச் சரத்தை அக்கா தனக்குத் தானே மெயில் அனுப்பி வைத்துக்கொண்டாள். கோப்பில் பிறகு ஒரு புள்ளி மாறினாலும் அந்தச் சரம் மாறிவிடும், ஆகவே நடுவில் யாரும் திருத்தவில்லை என்று காட்ட அது உதவும்.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அத்தான், "என் ஐபோன்லயும் எடுத்து வெச்சிடேன்" என்றார். அங்கே கதை வேறு. ஐகிளவுடில் 'மெசேஜஸ்' சுவிட்ச் ஆனில் இருந்தால் (2018இல் ஐஓஎஸ் 11.4-உடன் வந்த வசதி இது), மெசேஜ்கள் எல்லாக் கருவிகளிலும் ஒத்திசைந்துகொண்டே இருக்கும், தினசரி ஐகிளவுட் பேக்கப்பில் சேராது. ஒரு கருவியில் அழித்தால் மற்றவற்றிலும் அழியும். பலர் இதை பேக்கப் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு இது கொஞ்சம் ஆபத்தான நம்பிக்கையாகத்தான் படுகிறது. ஐஓஎஸ் 16 முதல் அழித்தவை சமீபத்தில் அழித்தவை பட்டியலில் 30 நாள் இருக்கும் என்பது ஆறுதல். ஐகிளவுட் இணையதளத்தில் மெசேஜ்களைப் பார்க்க வழியில்லை. அத்தானிடம் மேக் இருந்ததால் பிழைத்தோம்: அதே கணக்கில் நுழைந்து, மெசேஜஸ் ஆப்பின் செட்டிங்கில் ஒத்திசைவை ஆன் செய்து, இறங்கி முடிந்த பிறகு உரையாடலை மேலே மேலே உருட்டிப் பழையதெல்லாம் வந்தபின் பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினோம். உருட்டாமல் கொடுத்தால் திரைக்கு வந்தது வரைதான் கிடைக்கும். மேக் இல்லாதவர்கள் போனை கம்ப்யூட்டரில் இணைத்து முழு பேக்கப் எடுத்து வைப்பது நல்லது.

சித்தப்பாவின் போனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. அக்காவின் கூகுள் கணக்கை செட்டிங்கில் போய் முதலில் நீக்கினோம், அதன்பிறகே ரீசெட். கணக்கை நீக்காமல் ரெக்கவரி மெனு (போன் எழும்போது பொத்தான்களை அழுத்தி வரவழைப்பது) வழியாக ரீசெட் செய்தால், போன் மறுபடி எழும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். சித்தப்பா அக்காவுக்குப் போன் போட்டு பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.