ஆறு நூல் கேட்டால் ஐந்து நூல் வரும்: கம்ப்யூட்டர் மேசை செய்த கதை

சொந்தமாக மேசை செய்யலாம் என்று பிளைவுட் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூல் என்பது பலகையின் கனத்துக்குச் சொல்லும் அளவு, ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. ஆறு நூல் பலகை கேட்டால் கடைக்காரர் ஆறு நூல் என்றுதான் சொல்வார், காசும் ஆறு நூலுக்குத்தான் வாங்குவார். வீட்டில் வந்து இறங்குவது ஐந்து நூலாக இருக்கும். என் மேசை முடிந்து, இரண்டு மானிட்டரையும் ஏற்றி வேலை பார்க்க ஆரம்பித்தாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கடையை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோவை கணபதியில் வாடகை வீடு, இரண்டாவது மாடி. ஜன்னலுக்கும் தூணுக்கும் நடுவில் 62 இஞ்ச் இடம். அதில் 5 அடி மேசை கச்சிதமாக உட்காரும். கடைகளில் நான் பார்த்த 5 அடி ரெடிமேட் மேசைகள் எல்லாம் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. அதில் ஸ்க்ரூவை ஒன்றிரண்டு முறை கழற்றி மாட்டினால் துளை பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவன் கழற்றி மாட்டாமல் காலம் தள்ள முடியுமா? மாடுலர் வேலை செய்கிறவர்கள் 24,000 கேட்டார்கள். என் கையில் இருந்தது 12,000. சரி, இரும்பு ஃபிரேம் தனி, பலகை தனி என்று நாமே செய்துகொள்வோம் என்று இறங்கினேன்.

திட்டம் போடுவதில் பெரிய சிக்கல் இல்லை. ஒரு பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. மேல்பலகை 60-க்கு 28 இஞ்ச். அதை ஷீட்டின் மூலையில் வைத்து வெட்டினால் 60-க்கு 20 ஒரு பட்டையும், 36-க்கு 48 ஒரு துண்டும் மிஞ்சும். பட்டையில் மானிட்டர் வைக்கும் மேல்தட்டும் பின்பலகையும், துண்டில் டிராயர் பெட்டியும் சி.பி.யு. ஸ்டாண்டும் வந்துவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பம் 3 மி.மீ. தின்னும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆசாரியிடம் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டு "ரெண்டு ஷீட் எடுத்துருங்க சார், மிச்சம் வந்தா எதுக்காச்சும் ஆகும்" என்றார். கட்டம் போட்ட தாளில் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அட, வரும் போலிருக்கே" என்றார். அந்த ஒரு தாள் எனக்கு ஒரு ஷீட் காசை மிச்சப்படுத்தியது.

அடுத்து பிளைவுட் கடை. போனவுடன் 710 கிரேடைத்தான் காட்டுவார்கள். "தண்ணி பட்டா மத்ததெல்லாம் உப்பிக்கும் சார்." உண்மைதான், ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண்ணில் வருவது தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட். சமையலறை சிங்க்குக்கு அடியில் அது வேண்டும். காபி டம்ளரைத் தவிர வேறு ஈரம் படாத மேசைக்கு எதற்கு? ஐ.எஸ். 303-இல் வரும், ஓரளவு ஈரம் தாங்கும் சாதாரண எம்.ஆர். கிரேடே போதும். மிச்சமாகும் காசைக் கனத்தில் போடுங்கள். பலகை தொய்வதும் தொய்யாததும் கனத்தில்தான் இருக்கிறது. விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், இறங்கும். 19 மி.மீ. பலகையோடு ஒப்பிட்டால் 16 மி.மீ. பலகைக்கு அறுபது சதவீத விறைப்புதான். இரண்டு மானிட்டரையும் நடுவில் சுமக்கிற 5 அடிப் பலகைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் கடையில் ஆறு நூல், 19 மி.மீ., ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட 303 என்று தெளிவாகச் சொன்னேன். காட்டிய சாம்பிள் பலகையில் முத்திரையும், அதற்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருந்தன. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அந்த எண்ணை, ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு லைசென்ஸ் கொடுக்கும் பி.ஐ.எஸ். அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் யாருடைய லைசென்ஸ், இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். சதுர அடி 68 ரூபாய், 32 சதுர அடிக்கு 2,176. பில் கேட்டதும் முகம் மாறியது. "பில்லுன்னா ஜி.எஸ்.டி. 18 பெர்சென்ட் சேர்ந்துரும் சார், எஸ்டிமேட் போட்டுத் தர்றேன்." சரி, எஸ்டிமேட்டாவது உருப்படியாக இருக்கட்டும் என்று "19 எம்.எம்., ஐ.எஸ்.ஐ. 303" என்று அதிலேயே எழுதச் சொன்னேன். சலித்துக்கொண்டேதான் எழுதினார்.

அப்புறம் ஒரு சலுகை வந்தது. "அளவு குடுங்க, இங்கயே மெஷின்ல வெட்டித் தந்தர்றோம், ஃப்ரீதான்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் 'வெட்டிய பலகை திரும்பப் பெறப்படமாட்டாது' என்று போர்டு தொங்கியது. பலகையை அளந்து பார்ப்பதற்கு முன்னால் வெட்ட விடாதீர்கள். முழு ஷீட்டாகவே அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன். குடோனிலிருந்து குட்டியானை வண்டியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார்கள்.

பலகை வந்தபோது ஏதோ மெலிசாகத் தெரிந்தது. டேப்பை வைத்துப் பார்த்தால் கடைக்காரர் ஆயிரம் சொல்வார் என்று, லேத் பட்டறை வைத்திருக்கும் எதிர்வீட்டு அண்ணனிடம் கனத்தைத் துல்லியமாக அளக்கும் வெர்னியரைக் கேட்டேன். இந்த ஏரியாவில் சர்க்கரை கடன் கேட்பதைவிட வெர்னியர் கடன் கேட்பது சுலபம். அவரே இறங்கி வந்து நாலு பக்கமும் வைத்துப் பார்த்தார். 16.1, 15.9, 16.0, ஒரு மூலையில் மட்டும் 16.3. "தம்பி, இது அஞ்சு நூல்" என்று முடித்துவிட்டார். ஐ.எஸ். 303-இல் 6 மி.மீ.க்கு மேற்பட்ட பலகைக்கு 5 சதவீதம் வரைதான் ஏறவோ இறங்கவோ செய்யலாம். அப்படிப் பார்த்தாலும் 18-க்குக் கீழே போகக் கூடாது. முத்திரையைத் தேடினேன். '303 கிரேடு' என்று கொட்டை எழுத்தில் இருந்தது, லைசென்ஸ் எண் இல்லை. இந்த 'கிரேடு' என்கிற அச்சை நம்பாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

குட்டியானைக்காரரைப் போக விடாமல் நிறுத்தி, பலகையைத் திரும்ப ஏற்றி, நானும் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். போனில் பேசினால் "அனுப்பிவிடுங்க பாக்கலாம்" என்பதோடு முடிந்துவிடும். பலகையோடு நேரில் போய் நிற்பதுதான் வழி. கடையில் முதல் பதில், "எல்லாரும் இதத்தான் சார் ஆறு நூல்னு வாங்கிட்டுப் போறாங்க." வெர்னியர் அளவைச் சொன்னேன். இரண்டாவது பதில்தான் என்னால் மறக்கவே முடியாதது: "ஃபுல் திக்னஸ் வேணும்னு நீங்க சொல்லியிருக்கணும்ல?" 19 என்றால் 19 இல்லையாம், 19-க்கு முழு 19 வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டுமாம். அந்த முழுக் கனம் சதுர அடி 82 ரூபாயாம்.

எஸ்டிமேட்டையும் சாம்பிள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சத்தம் போடவில்லை. கடையில் இன்னும் இரண்டு பேர் கதவுக்குப் பலகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏங்க, எங்களுக்குப் போட்டதும் இதே கனம்தானுங்களா?" என்றார். அவ்வளவுதான். உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, பையனிடம் "சாருக்கு நல்லதாப் பார்த்து எடுத்துவிடு" என்றார். 1915 நுகர்வோர் உதவி எண்ணை நுனிநாக்கில் வைத்திருந்தேன், தேவையே படவில்லை. அதே 68 ரூபாய்க்கு முத்திரையும் எண்ணும் உள்ள பலகை வந்தது. எதிர்வீட்டு அண்ணனிடமிருந்து கையோடு வாங்கிப் போயிருந்த வெர்னியரில் 18.6 காட்டியது. எனக்குப் போதும்.

ஆசாரி நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்ததை எல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் பத்தாது. எங்கோ ஒரு கிரகப்பிரவேச வேலையில் மாட்டிக்கொண்டார். வந்தபின் வேலை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். மைக்காவில் மட்டும் ஒரு தகராறு. மேலே 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் அடியிலும் மெல்லிய லைனர் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடி மறுபக்கத்தைத் திறந்து விட்டால், ஈரக்காற்றைத் திறந்த பக்கம் மட்டும் குடித்துப் பலகை வளையும். "கீழ யாருங்க குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்றார். லைனர் காசு நான் தருகிறேன், நீங்கள் ஒட்டுங்கள் என்றேன். ஒட்டி, மேலே தண்ணீர்க் கேனும் காலி கேஸ் சிலிண்டரும் ஏற்றி ராத்திரி முழுக்க விட்டோம். பலகை இன்றைக்கும் நேராகத்தான் இருக்கிறது. லைனர் விலை 600 ரூபாய். சிக்கனம் பார்க்கிறேன் என்று இதில் கை வைக்காதீர்கள்.

வயர் ஓட்டைக்கும் ஒரு வார்த்தை. வட்டமாக ஓட்டை வெட்டும் ஹோல் சாவை மேலிருந்து ஒரேயடியாக அழுத்தினால் அடியில் லைனர் பிய்ந்துகொண்டு வரும். நடு டிரில் முனை அடியில் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து முடிக்க வேண்டும். டிராயர் ஓடும் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச் இடைவெளி வேண்டும். அதில் அரை நூல் குறைந்தாலும் டிராயர் முக்கும்.

ஃபிரேமை ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாயில், 16 கேஜில் செய்யக் கொடுத்தேன். கூலியும் சேர்த்துக் கிலோ 125 ரூபாய், ஏறக்குறைய 20 கிலோ. பட்டறைக்காரர் மொத்தமாக வெல்டு வைத்துவிடலாம் என்றார். எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் பீரோவே சிரமப்பட்டுத்தான் ஏறியது. இரண்டு பக்கக் கால்களையும் தனித்தனியாக வெல்டு வைத்து, நடுக்கட்டையை மட்டும் போல்ட்டில் மாட்டும்படி கேட்டேன். "ஆடும் சார்" என்றார். பின்பக்கம் ஒரு குறுக்குப் பட்டை கொடுத்தால் ஆடாது, ஆடவும் இல்லை.

ஆனால் உயரத்தில் கை வைத்துவிட்டார். ரெடிமேட் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ., கிட்டத்தட்ட 29½ இஞ்ச். என் உயரத்துக்கு அதில் டைப் அடித்தால் தோள் தூக்கிக்கொள்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மடித்து, தரையிலிருந்து அளந்தால் எனக்கு வருவது 28. பலகையோடு சேர்த்து 28 என்று அம்புக்குறி போட்டு வரைந்து கொடுத்திருந்தேன். வந்த ஃபிரேம் மட்டுமே 28. அதற்கு மேல் பலகை, கீழே லெவல் போல்ட், எல்லாம் சேர்ந்தால் மறுபடியும் அதே 29 சொச்சம். "ஒரு இஞ்ச்ல என்னங்க ஆயிரப் போகுது?" என்றவரிடம் அவருடைய கையால் வாங்கிக்கொண்ட வரைபடத்தையே காட்டினேன். மறுபேச்சு இல்லாமல் நாலு காலையும் அறுத்துக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. ஆகவே ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிப்பதற்கு முன்பே பட்டறைக்குப் போய் அளந்துவிடுங்கள். நான் போன நேரத்தில் பெயின்டும் காய்ந்துவிட்டிருந்தது. வெட்டின இடத்தில் அடித்த நிறம் இன்னும் கொஞ்சம் வேறாகத் தெரிகிறது.

எல்லாம் சேர்த்து 10,800 ரூபாய் ஆயிற்று. இதில் பலகையைத் திருப்பிக் கொண்டுபோன குட்டியானை வாடகை 350-ஐயும் நான்தான் கொடுத்தேன். அதில் பாதியை அடுத்த முறை ஏதாவது வாங்கும்போது கழித்துக்கொள்வதாகப் பெரியவர் சொன்னார். எஸ்டிமேட்டின் பின்பக்கம் எழுதியும் வாங்கிவிட்டேன். அடுத்ததாக ஒரு புத்தக அலமாரி யோசனை இருக்கிறது. 175 ரூபாய்க்காக அந்தக் கடைக்கே மறுபடியும் போவதா என்பதுதான் வீட்டில் நடக்கும் வாக்குவாதம்.