அம்மாயியை உட்கார வைத்து ஒரு படம்

2025 ஜனவரி 5, ஞாயிறு

மேல் லயத்து வரிசை வீட்டுத் தாத்தா ஒருவர் வெள்ளிக்கிழமை தவறிவிட்டார். சாவு வீட்டில் பந்தல் போடுவதற்கு முன்பே ஒரு பையன் அவருடைய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஹட்டன் டவுனுக்கு ஓடினான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எப்போதும் இப்படித்தான். அட்டையில் இருக்கும் சின்னப் படத்தைப் பெரிதாக்கி, முகத்தை வெளுக்க வைத்து, பின்னால் நீலம் போட்டு, சட்டம் அடித்து மாலை போடுவார்கள். பெரிதாக்கியதில் கண் இரண்டும் கலங்கிப் போயிருக்கும். ஆயுசு முழுக்க உழைத்த மனிதருக்குத் தனியாக எடுத்த படம் அது ஒன்றுதான்.

ஆறு வருஷமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறேன். என் அம்மாயிக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, 71 வயது. அவருக்கும் ஒரு படம் கிடையாது. கூட்டத்தோடு நிற்பவை இருக்கின்றன. அப்புறம், யாரோ ஒரு சுற்றுலாப் பயணி எடுத்துக் கொடுத்த, கூடையோடு சிரிக்கிற படம் ஒன்று. அந்தச் சிரிப்பு அம்மாயியுடையது இல்லை. சிரிக்கச் சொன்னதால் வந்தது.

இந்த மாசம் மழை குறைவு. இதற்குள் எடுத்துவிட வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் பானை இறக்கியதும் பேச்சை எடுத்தேன். அம்மாயி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா, மாலை போடுறதுக்கா?"

"இல்ல அம்மாயி, நீ பாக்குறதுக்கு."

கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "கூடை வேணாம். தூக்குனது போதும்" என்றார்.

சரி, கூடை இல்லை. உண்மையில் என் நோட்டில் முதல் வரியே கூடைதான். கூடை, தலையில் போடுகிற கொங்காணி, பின்னால் தேயிலை மலை, காலைப் பனி. இரவு அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் அந்தச் சுற்றுலாப் பயணியின் படம்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று முழுக்க வெளிச்சம் பார்க்கிற வேலை. தம்பியை ஸ்டூலில் உட்கார வைத்து, காலை ஏழிலிருந்து மணிக்கு ஒரு தடவை அவன் முகத்தை எடுத்தேன். பாவம், சாயந்தரம் வரை பொறுத்துக்கொண்டான்.

எங்கள் காம்பரா, அதாவது லயத்து அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு சின்ன ஜன்னல், ஒரு கதவு. ஜன்னலை நம்பித்தான் இருந்தேன், ஆனால் வெளியே பலா மரம் மறைக்கிறது. இலை வழியாக வருகிற வெளிச்சம் கன்னத்தில் பச்சையாக விழுகிறது. கதவுதான் சரி. அது கிழக்கே பார்த்த கதவு. ஒன்பது மணி வரை வெயில் நேராக உள்ளே வந்து தரையில் கட்டம் போடுகிறது. அப்போது எடுத்தால் மூக்கு நிழல் கத்தி மாதிரி விழும். ஒன்பதரைக்குமேல் இஸ்தோப்பின், அதாவது முன் திண்ணையின், கூரை வெயிலைத் தடுத்துவிடுகிறது. அதன் பிறகு வாசலில் இருப்பது வானத்து வெளிச்சம் மட்டும். கூரை மேல்வெளிச்சத்தையும் வெட்டிவிடுவதால் கண்குழியில் இருட்டு தேங்குவதில்லை. ஆறடி உயரக் கதவு, அத்தனை பெரிய விளக்கு எனக்கு யார் வாடகைக்குத் தருவார்கள்!

வாசலிலிருந்து இரண்டடியில் உட்கார்ந்தால் ஒரு கன்னம் பளீரென்றும் மறு கன்னம் கரியாகவும் இருக்கிறது. நாலடி உள்ளே போனால் இரண்டும் பேசிக்கொள்கின்றன. சாக்குக்கட்டியால் தரையில் குறி போட்டு வைத்தேன். அம்மா, யாரும் கூட்டிவிடக் கூடாது என்று அதன் மேல் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

ஜனவரி 26, ஞாயிறு

நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்கு பஸ் ஏறினேன். அங்கே புனித மரியாள் தேவாலயத்துக் கல்லறையில் ஜூலியா மார்கரெட் கமெரோன் அடக்கமாகியிருக்கிறார். முகப் படம் எடுக்கிற யாரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெண். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். இங்கிலாந்தில் தன் வீட்டுக் கோழிக்கூட்டையே கண்ணாடி போட்டு ஸ்டூடியோவாக்கினார். ஒரு படத்துக்கு எதிரே இருப்பவர் நிமிஷக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டிய காலம் அது. அவருடைய படங்கள் கூர்மையாக இல்லை என்று அப்போதே குறை சொன்னார்கள். எனக்கோ அந்தக் கலங்கலில்தான் மூச்சு தெரிகிறது.

புருஷனுக்கு இங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் இலை நோய் வந்து காப்பி அழியத் தொடங்கியது. 1875இல் இருவரும் இங்கேயே வந்து சேர்ந்தார்கள். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1879ஆம் ஆண்டு இதே ஜனவரி 26இல் அவர் இறந்தார். புருஷன் அடுத்த வருஷம் போய், பக்கத்திலேயே படுத்திருக்கிறார்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் 1878ஆம் வருஷத்துப் படம் ஒன்றை ஃபோனில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். களுத்துறைக் குடியானவர்கள் சிலர் நிற்கிற படம். அழகான முகங்கள், வெளிச்சம் அத்தனை மரியாதையாக விழுந்திருக்கிறது. ஆனால் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்றுதான். இங்கிலாந்தில் எடுத்தவர்களுக்குப் பெயர் உண்டு. இவர்களுக்கு இல்லை. கல்லறைப் பக்கத்தில் நின்று அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் உள்ள மதிப்பு குறையவில்லை. மனசு மட்டும் கனத்துவிட்டது.

பிப்ரவரி 1, சனி

சேலை. அம்மாயியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினோம். மாமா கல்யாணத்துக்கு எடுத்த மஞ்சள் பட்டைத்தான் அம்மா நீட்டினார். கதவு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மடிப்புக்கு மடிப்பு மினுங்குகிறது. மினுங்குகிற துணி முகத்திலிருந்து கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். நைலெக்ஸ் சேலையும் அப்படியே. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வொயில் சேலை ஒன்று அடியில் கிடந்தது. கத்தரிப்பூ நிறம், கரையில் சின்னப் பூ. கறுத்த தோலுக்கு அந்த நிறம் அவ்வளவு பொருத்தம். அம்மாயி அதைக் கையில் எடுத்து, "இது நான் ரிட்டையர் ஆன காசுல வாங்குனது" என்றார். வேறு சேலையை நான் பார்க்கவில்லை.

பின்னணிக்கு டவுனில் கறுப்பு வெல்வெட் இரண்டு கஜம் வாங்கி வந்திருந்தேன். வெளிச்சத்தை அப்படியே விழுங்கும். அம்மாயி தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்குப் பின்னால் கறுப்பா என்ற பார்வை. நியாயம்தான். காக்கிப் பழுப்புக் கம்பளி ஒன்று வீட்டில் இருக்கிறது, அதையே கட்டினோம். காம்பராவின் உள்பக்கம் எப்படியும் இருட்டு. முகத்து வெளிச்சத்துக்கு அளந்து எடுத்தால் கம்பளி கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் விழும், ஆனால் கொஞ்சம் சூடான கறுப்பு.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒத்திகை, முழுக்கக் கெட்டது. காம்பராவின் சுவர் நீலப் பச்சை. அது கதவு வெளிச்சத்தை வாங்கி அம்மாயியின் நிழல் கன்னத்தில் பாசி மாதிரி பூசிவிட்டது. போதாததற்கு மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. முகத்தில் ஒரு பக்கம் நீலம், நெற்றி மஞ்சள், காதடியில் பச்சை. எத்தனை கல்யாணம் எடுத்தவன், பல்பை அணைக்க மறந்துவிட்டேன். அம்மாயியை ஒரு மணி நேரம் வீணாக உட்கார வைத்துவிட்டேன் என்பதுதான் வலிக்கிறது.

சுவரை மறைக்க வெள்ளை ரெஜிபோம் (தெர்மகோல்) பலகை ஒன்று வாங்க வேண்டும். நிழல் பக்கத்துக்கு அதுவே மெல்லிய வெளிச்சமும் கொடுக்கும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தின லீவு. எல்லோரும் வீட்டில்.

அம்மாயி ஏழு மணிக்கே குளித்து, முகம் நிறையப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தார். கேமராவில் அது சாம்பலாகத் தெரிந்தது. அம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டு, விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கன்ன எலும்பில் மட்டும் தடவினார். கறுத்த முகத்துக்கு உருவம் கொடுப்பது அந்த மினுக்கம்தான். அதைப் பவுடர் போட்டு மூடினால் முகம் தட்டையாகிவிடும்.

பிறகு முக்காடு. அம்மாயியின் உச்சித்தலையில் கை அகலத்துக்கு முடி கிடையாது. கூடைக் கயிறு அழுத்திய இடம். முப்பத்தெட்டு வருஷம் அழுத்தி அழுத்தி, மண்டையில் தொட்டால் தெரிகிற பள்ளமாகவே இருக்கிறது. அது படத்தில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. எதுவும் சொல்லாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. அது அவருடைய தலை.

ஒன்பதே முக்கால். குறி போட்ட இடத்தில் ஸ்டூல். பல்பு அணைத்தாயிற்று, இரண்டு தடவை பார்த்தேன். 85 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800. கம்பளி இருட்டைப் பார்த்துக் கேமரா எல்லாவற்றையும் வெளுக்கப் பார்த்தது. ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறைத்ததும் அம்மாயி தன் சொந்த நிறத்துக்கு வந்தார்.

கை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தால் அடையாள அட்டை விறைப்பு வந்துவிடுகிறது. தங்கச்சி ஒரு சுளகில் பச்சைப்பயறு கொண்டுவந்து வைத்தாள். கல் பொறுக்க ஆரம்பித்ததும் தோள் தானாக இறங்கியது. அந்தப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்! நகக்கண்ணை ஒட்டி மெல்லிய கறுப்பு வெடிப்புகள், கொழுந்துக் கறை ஏறி ஏறிக் கோடு போலவே நின்றுவிட்டவை. ரிட்டையர் ஆகிப் பதினோரு வருஷம் ஆகியும் போகவில்லை. அவற்றை மட்டும் தனியாக நாலு படம் எடுத்தேன்.

மொத்தம் 63. வெளியே யாரோ கூப்பிட, அம்மாயி வாசல் பக்கம் நிமிர்ந்தது 41ஆவது. முந்தானை ஓரத்தில் வெளிச்சம் நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

லேப்டாப்பில் காட்டினேன். நான் 41 என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அம்மாயி எடுத்தது 58. நேராக கேமராவைப் பார்த்தது, உதடு இறுகியது. "இதுலதான் நான் இருக்கேன்."

சுருக்கத்தைத் தொடவில்லை, நிறத்தை ஏற்றவில்லை. பிரிண்ட் போடும் கடையில் "கொஞ்சம் பிரைட் பண்ணிடவா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. 12க்கு 15 அங்குலம், மினுக்கமில்லாத தாள்.

அடையாள அட்டையில் அம்மாயியின் பெயர் ஒரு எழுத்துத் தப்பாகப் பதிவானது. அதைத் திருத்த இரண்டு தடவை அலைந்து விட்டுவிட்டார்கள். படத்தின் கீழே விட்ட வெள்ளை ஓரத்தில் அவரையே பென்சிலால் எழுதச் சொன்னேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, மெதுவாக, சரியான எழுத்தோடு வந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

செத்தவர்கள் படம் இருக்கிற சுவரில் மாட்டக் கூடாது என்று அம்மாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறோம்.

இஸ்தோப்பில் இப்போது படம் எடுத்துக்கொள்ள மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழ் லயத்து மாமிக்கு அவர் மகள் கொண்டுவந்த பச்சைப் பட்டுத்தான் வேண்டுமாம். மினுங்கும். அடுத்த ஞாயிறு, வாசலிலிருந்து ஐந்தடி தள்ளி உட்கார வைத்துப் பார்க்க வேண்டும்.